புலி பார்த்தீர்களா?

முதுமலை போய்விட்டு சங்கரன்கோவில் திரும்பியதிலிருந்து எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி: "அண்ணாச்சி, புலி பார்த்தீங்களா?" இல்லை என்றால், "அப்போ போன காசு வீண்தானா?" என்கிறார்கள்.

தெப்பக்காட்டில் வனத்துறை வேன் ஏறினோம். புள்ளிமான் கூட்டம், ஒரு காட்டெருமை, குட்டியோடு ஒரு யானை. அவ்வளவுதான். பேரன் முகம் சுருங்கிவிட்டது. அவன் டிவியில் பார்த்தது கென்யாவின் மசாய் மாரா. அது திறந்த புல்வெளி. சிங்கம் கூட்டமாக வாழ்கிற பிராணி. நம் புலி தனியாகத் திரியும். புதருக்குள் படுத்தால் பத்தடியில்கூடத் தெரியாது.

அங்கும் எல்லாம் அழகில்லை. மாரா ஆற்றை வில்டபீஸ்ட் மந்தைகள் கடக்கும் இடத்தில் ஜீப்புகள் வரிசைகட்டி வழியை மறிப்பதுண்டு. காசு கொடுத்தவன் "காட்டு" என்று கேட்பதால் வரும் வினை.

எங்கள் வேனிலும் ஒருவர் யானையைப் பார்த்து விசில் அடித்தார். தாய் யானை குட்டியை மறைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, காதை விரித்தது. ஓட்டுநர் சட்டென்று வண்டியை நகர்த்தியதால் தப்பித்தோம். விசில் அடித்தவர் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவரை மறுபடி உள்ளே விடக்கூடாது என்பது என் கட்சி. 1940-லிருந்து சரணாலயம், 2007-லிருந்து புலிகள் காப்பகம், அதெல்லாம் விலங்குகளுக்காக. நாம் கொடுத்தது உள்ளே போய்வர ஒரு கட்டணம், அவ்வளவே.

நம்மூர் சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண் எடுத்துப் பூசிக்கொள்கிறோம். புற்றைக் கிளறிப் பாம்பைக் காட்டு என்று யாராவது கேட்கிறோமா?

பேரனிடம் இதைத்தான் சொன்னேன். "சரி தாத்தா, அடுத்த லீவுக்கும் போவோம்" என்றான்.