குதிரைத்திறனா, குறைந்த எடையா?

பட்டம் பெற்று, வேலை கிடைத்து, முதல் சில மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் நம் இளைஞர்களில் பலர் தேடுவது ஒரு காரைத்தான். இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. பேருந்தும் இரயிலும் எட்டாத இடங்களில் வேலை பார்ப்பவர்க்குக் கார் ஆடம்பரமன்று; தேவை. ஆனால், தேவைக்கு வாங்கும் காரிலும் ஆசை வந்து அமர்ந்துகொள்வது இளமையின் இயல்பு. முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்களில் தம்பிமார் என்னிடம் கேட்கும் கேள்வியே இதற்குச் சான்று. “அண்ணே, எந்தக் கார் வாங்கினால் நன்றாகப் பறக்கலாம்?” நான் இயந்திரவியல் படித்தவன், ஓய்வு நாள்களில் பந்தயத்தடத்தில் கார் ஓட்டுபவன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். இம்முறை அதற்கான பதிலை எழுத்திலேயே தந்துவிடலாம் என எண்ணுகிறேன்.

என் பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, பறக்க வேண்டிய இடம் நெடுஞ்சாலை அன்று, பந்தயத்தடம். இரண்டாவது, தடத்தில் ஓட்டிப் பழகுபவனுக்கு ஏற்றது குதிரைத்திறன் மிகுந்த கார் அன்று; எடை குறைந்த கார்.

நள்ளிரவு நெடுஞ்சாலைப் பந்தயங்களைப் பற்றி நம் அனைவருக்கும் தெரியும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சாலையில் பந்தயம் ஓட்டுவதைத் தடை செய்கிறது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. நான் கேட்பது வேறு. அந்த நேரத்தில் அதே சாலையில் இரவு வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்புபவர் யார்? அவரும் ஒரு வீட்டின் தந்தைதானே? அவர் நம் பந்தயத்திற்குச் சம்மதம் தந்தாரா? மேலும், நம் சமூகத்தில் ஒரு பட்டதாரியை உருவாக்க ஒரு குடும்பமே உழைக்கிறது. அந்தப் பிள்ளையை ஒரு வளைவில் பறிகொடுப்பது அக்குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பையே பறிகொடுப்பதாகும்.

‘வேகம் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டால் இளைஞர்கள் கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். வேண்டாம் என்பவர், வேறு எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டிற்குத் தடம் புதிதன்று. 1968இல் திறக்கப்பட்ட பத்து தீகா தடம் 2003இல் மூடப்பட்டது. ஜொகூரின் பாசிர் கூடாங்கில் 1986இல் ஒரு தடம் திறக்கப்பட்டது. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலகத் தடம் 2017 வரை 19 ‘ஃபார்முலா ஒன்’ போட்டிகளை நடத்தியது. 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தில் நம்மைப் போன்ற சாதாரணமானவர்களும் கட்டணம் செலுத்திச் சொந்தக் காரை ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அத்தகைய நாளை ஆங்கிலத்தில் ‘டிராக் டே’ என்பர். நான் ‘தடநாள்’ என்கிறேன். தடநாள் பந்தயமன்று. வெற்றிக் கோப்பை கிடையாது. காலையில் விளக்கக் கூட்டம் நடக்கும். மஞ்சள் கொடி கண்டால் வேகம் குறைக்க வேண்டும், அங்கே முந்தக்கூடாது. சிவப்புக் கொடி என்றால் ஓட்டத்தை நிறுத்தி, மெதுவாகத் திரும்ப வேண்டும். பல தடநாள்களில், முன்னே செல்பவர் கைகாட்டி வழிவிட்டால்தான் முந்தலாம். எதிரே வண்டி வராது. குறுக்கே ஆளும் மாடும் வாரா. வழுக்கி வெளியேறினால் மணற்படுகை. அருகிலேயே மருத்துவக் குழு. இத்தனையும் எந்த நெடுஞ்சாலையில் கிடைக்கும்?

இனி, எடைக்கு வருவோம். பள்ளியில் படித்த இயற்பியலே இதற்குப் போதும். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 12 லட்சத்து 50 ஆயிரம் ஜூல். முழுவதுமாக நிறுத்த வேண்டுமானால் இதில் பெரும்பகுதியை பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். அந்த வெப்பம் நான்கு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதே வேகத்தில் 1,500 கிலோகிராம் கார் என்றால் ஆறு லிட்டருக்கு மேல். சிப்பாங்கில் ஒரு கிலோமீட்டரை நெருங்கும் இரண்டு நேர்ப்பாதைகள் உள்ளன. அவற்றின் முடிவில் வேகத்தை வெகுவாகக் குறைத்தாக வேண்டும். இது ஒவ்வொரு சுற்றிலும் நடக்கும். கனமான காரின் பிரேக்கும் டயரும் ஏன் விரைவில் சோர்ந்துவிடுகின்றன என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

வளைவிலும் இதே கதைதான். டயரின் மீது சுமை ஏற ஏற அதன் பிடிப்பும் ஏறும்; ஆனால், சுமை ஏறும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. குதிரைத்திறன் நேர்ப்பாதையில் மட்டும் உதவும். எடைக்குறைவோ முடுக்கும்போதும், நிறுத்தும்போதும், திரும்பும்போதும் உதவும். ‘லோட்டஸ்’ நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சேப்மன் தம் வாழ்நாள் முழுவதும் இந்தக் கொள்கையையே பற்றிநின்றார். அந்நிறுவனம் 1996இல் வெளியிட்ட முதல் ‘எலிஸ்’ ஏறக்குறைய 725 கிலோகிராம்தான். அதே 1996இல் லோட்டஸ் நம் புரோட்டோனின் கைக்கு வந்து, 2017 வரை இருந்தது. அந்த உறவின் பயனாக, 1998இல் வந்த ‘சத்ரியா ஜி.டி.ஐ.’ காரின் சாலைப்பிடிப்பை லோட்டஸ் பொறியாளர்களே செப்பனிட்டார்கள். நம் நாட்டுத் தொழிற்சாலையில் உருவான அந்தச் சிறிய காரை இன்றும் பலர் தடத்திற்காகப் போற்றி வைத்திருப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பணமும் வாய்ப்பும் இருப்பவருக்கு என் முதல் பரிந்துரை ‘மஸ்டா எம்.எக்ஸ்.-5’. 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை வண்டி ஆயிரம் கிலோகிராமுக்கும் குறைவு. 2015இல் வந்த நான்காம் தலைமுறையும் ஏறக்குறைய ஆயிரம்தான். என்ஜின் முன்னே, உந்துவிசை பின்சக்கரங்களுக்கு. முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமம். எனவே, கார் நழுவும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு நழுவும். ‘டொயோட்டா எம்.ஆர்.-எஸ்.’ காரும் ஏறக்குறைய ஆயிரம் கிலோகிராம்தான். ஆனால், அதன் என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவே பயந்துபோய்க் காலை எடுத்தால் பின்பகுதி சட்டென்று சுழன்றுவிடும். கற்றுக்குட்டிக்கு அது கடுமையான ஆசிரியர். இவை கைக்கு எட்டாவிட்டால் கவலை வேண்டாம். நல்ல நிலையிலுள்ள பழைய சத்ரியா, ஏன், மைவியே போதும். வாங்கும்போது குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள். துருவையும், விபத்தில் வளைந்து நிமிர்த்திய உடற்சட்டத்தையும், என்ஜின் வெப்பத்தையும் பாருங்கள். உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒன்பதாண்டுக் கடனில் வாங்கிய காரைத் தடத்திற்குக் கொண்டுபோகாதீர்கள். உடைந்தால் தாங்கிக்கொள்ள முடியாத காரை, தடம் எதற்கும் காட்டாதீர்கள்.

வாங்கிய பின் பட்டறைக்குச் சென்றால் ‘டர்போ’ போடலாம், புகைபோக்கியை மாற்றலாம் என்று ஆசை காட்டுவார்கள். காது கொடுக்காதீர்கள். முதல் செலவு பிரேக் எண்ணெய்க்கு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் நாட்டின் ஈரப்பதத்தைச் சொல்லவும் வேண்டுமா? ‘டாட் 4’ வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். மிதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. எனவே, தடநாளுக்கு முன் புதிய எண்ணெய் ஊற்றுங்கள். அடுத்து, உயர் வெப்பத்தைத் தாங்கும் பிரேக் பட்டைகள். அதன் பிறகு நல்ல டயர்கள். ஓடச் சூடேறி டயரின் காற்றழுத்தம் உயரும். ஆதலால் சில சுற்றுகளுக்கு ஒருமுறை அளந்து குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வெயிலில் குளிரூட்டும் நீரும் என்ஜின் எண்ணெயும் இரட்டைக் கவனத்திற்குரியவை. ரேடியேட்டர் குழாய்கள் பழையன என்றால் மாற்றிவிடுங்கள். சக்கரத் திருகுகளை முறுக்குவிசைச் சாவியால் சரிபாருங்கள். உதிரிச் சக்கரம், தரைவிரிப்பு, கைப்பேசி, தண்ணீர்ப் புட்டி அனைத்தையும் இறக்கிவிடுங்கள். செலவில்லாமல் எடை குறையும், பறந்து வந்து தாக்கும் பொருளும் இராது. கூரை திறந்த காராயின், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு கட்டாயம் பொருத்த வேண்டும். தலைக்கவசம் அதன் உயரத்திற்குக் கீழே இருக்க வேண்டும். உடற்கட்டமைப்பையோ என்ஜினையோ மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும் கேட்டறியுங்கள். சாதாரண வாகனக் காப்புறுதி பொதுவாகப் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்பதில்லை. உங்கள் காப்புறுதி ஆவணம் தடநாளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் படித்துவிட்டுச் செல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயன் தரும் செலவு ஒன்று உண்டு. அது, பக்கத்து இருக்கையில் பயிற்றுநரை அமர்த்தி ஓட்டிப் பழகுவது. எங்கே பார்க்க வேண்டும், எங்கே மிதிக்க வேண்டும், எங்கே பொறுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லித் தருவார். குதிரைத்திறன் குறைந்த காரில் இந்தப் பாடம் நன்றாகப் பதியும். வலிமையான கார், வளைவில் நீங்கள் செய்த பிழையை நேர்ப்பாதையில் மறைத்துவிடும். எளிய கார் மறைக்காது. ஒவ்வொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு மறுப்புகள் இருக்கலாம். ‘கல்விக்கடன் கட்டவே திணறும் நம் இளைஞர்களுக்கு இது தேவையா?’ எனப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கல்விக்கடன் பாக்கி வைத்துக்கொண்டு தடத்திற்குப் போகச் சொல்லவில்லை. ஆனால், அலங்காரச் சக்கரத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் கொட்டும் பணத்தைச் சேர்த்தாலே ஆண்டுக்கு ஒரு தடநாளுக்கு வழி பிறக்கும். ‘எடை குறைந்த பழைய கார் சாலையில் ஆபத்தல்லவா?’ என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. இரு கார்கள் மோதினால் கனமான காரில் இருப்பவருக்கே பொதுவாகப் பாதுகாப்பு அதிகம். பழைய கார்கள் பலவற்றில் காற்றுப்பையும் இல்லை. ஆகவே, குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரும் தடத்துக் காரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கிப் பராமரித்தாலும் போதும். பட்டறை வேலையைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் கிட்டும்.

தடத்தில் தன் காரின் எல்லையை அறிந்தவன் சாலையில் அந்த எல்லைக்குப் பக்கத்திலும் போகமாட்டான் என்பது என் நம்பிக்கை. 180இலிருந்து நிறுத்த எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதைத் தன் காலாலேயே உணர்ந்தவனுக்கு, முன்னே செல்லும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போக மனம் வராது. தம்பிமார்களே, தங்கைகளே! வேகத்தை விரும்புங்கள், அதற்குரிய இடத்தில் விரும்புங்கள். காரின் எடையைக் குறையுங்கள், பிரேக்கைப் பேணுங்கள், முதலில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை தடத்திலிருந்து திரும்பும் பிள்ளை வீட்டு வாசலில் காரை நிறுத்தும் ஒலி, எந்தப் பந்தய என்ஜினின் ஒலியைவிடவும் பெற்றோருக்கு இனிமையானது.