சந்தேகம் இருந்தது, சொல்லவில்லை



இம்முறை நம்மில் அநேகர் கண்டிராத பனிமலை ஒன்றைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் என்றோர் இடம் உண்டு. குளிர்காலத்தில் கால்களில் நீண்ட பட்டைகளைப் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாட மக்கள் அங்கே போவார்கள். விளையாட்டிடத்தின் எல்லைக்குள் காவலர் இருப்பர். ஆபத்தான பனியை முன்கூட்டியே சரித்தும் விடுவார்கள். எல்லைக்கு வெளியே போகிறவர்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மலையின் பின்புறமுள்ள டனல் கிறீக் அப்படியான ஒரு சரிவு.

2012 பெப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. முந்திய நாட்களில் நிறையப் புதுப்பனி கொட்டியிருந்தது. பனிச்சரிவு ஆபத்து உண்டு என்ற அறிவிப்பும் வந்திருந்தது. இருந்தும் நண்பர்கள் நண்பர்களை அழைக்க, பதினைந்து பேர் அளவில் அங்கே சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் கைதேர்ந்தவர்கள். அந்த மலையை உள்ளங்கை போல அறிந்தவர்களும் இருந்தார்கள்.

பனி ஏன் சரிகிறது? ஒரு சுளகில் சீனியைப் பரப்பி, அதன்மேல் கனமான போர்வையொன்றை மடித்து வைத்துச் சுளகை மெல்லச் சரித்துப் பாருங்கள். போர்வை அப்படியே வழுக்கி வரும். மலையிலும் அடியில் பலமில்லாத பனிப்படை இருக்க, மேலே புதுப்பனி பாரமாக ஏறுகிறது. அதன்மேல் ஓர் ஆள் போனாலே போதும். விபத்துகளில் பெரும்பாலானவற்றில் சரிவைத் தொடக்கி வைப்பது அதில் அகப்பட்டவர், அல்லது அவரோடு வந்தவர்.

அன்றும் பனி உடைந்தது. மூன்று ஆண்கள் இறந்தார்கள். எலிஸ் சோக்ஸ்டாட் என்ற பெண் அள்ளுண்டு போகையில் முதுகுப்பையிலிருந்த காற்றுப்பையின் பிடியை இழுத்தார். அது ஊதி அவரை மேலே மிதக்க வைத்தது. அடிவாரத்தில் நின்றபோது பனி சீமெந்து போல இறுகி, உடலை அசைக்க முடியவில்லை. முகமும் கைகளும் மட்டும் வெளியே. வானம் தெரிந்தது. தோழர்கள் வந்து தோண்டி எடுக்கும்வரை அப்படியே கிடந்தார். முழுதாகப் புதைந்தவர்களுக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும்.

என் மனதை உறுத்துவது அதற்கு முந்திய கொஞ்ச நேரம்தான். மேலே நின்றபோதே சிலருக்கு மனதில் நெருடல் இருந்தது. கூட்டம் மிகப் பெரிது என்று பட்டது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை திறமைசாலிகள் சேர்ந்து பிழையான முடிவு எடுப்பார்களா என்று எண்ணியதாக அன்று அங்கிருந்த ஒரு பெண் பிறகு சொன்னார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. நானும் சபைகளில் எத்தனையோ முறை அப்படி இருந்திருக்கிறேன். பெரியவர்களுக்குத் தெரியும், நான் ஏன் குழப்புவான் என்று.

இயன் மக்கமன் என்ற ஆய்வாளர் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். பழகிய இடம் என்ற துணிவு, கூட்டத்தில் நல்ல பெயர் எடுக்கும் ஆசை, ஒருவரைத் தலைவராக நம்பி யோசனையை அவரிடம் விட்டுவிடுவது, தொடங்கியதை விடக்கூடாது என்ற பிடிவாதம், இவையே அறிவுள்ளவர்களையும் சறுக்கி விடுகின்றன என்று அவர் காட்டினார். பயிற்சி பெற்றவர்களும் இதற்கு விலக்கில்லை.

இப்போது இந்தப் பயிற்சி வகுப்புகளில் ஒரு வழக்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள். புறப்படுமுன் எல்லோரும் வட்டமாக நின்று கதைக்க வேண்டும். புதிதாக வந்தவர் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் அந்தச் சரிவில் இறங்கக்கூடாது. அவர் காரணத்தை விளக்கத் தேவையில்லை. வேறு வழியால் எல்லோரும் சேர்ந்தே திரும்புவார்கள்.