ஆகாயத்தில் பறந்தவருக்கு ஓட்டா?

ஒருவர் ஆகாயத்தில் பறந்துவிட்டுத் திரும்பினார் என்பதற்காகவே, அவருக்கு ராஜ்ய நிர்வாகமும் தெரியும் என்று நம்பிவிடுவது புத்திசாலித்தனமாகுமா என்று கேட்கின்றோம்.

அமெரிக்காவில் ஜான் கிளென் என்பவர் 1962-ல் பூமியை 3 முறை சுற்றிவந்தார். தேசமே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. அப்படியிருந்தும் 1970-ல் செனட் சபைக்கு நிற்கப் போனபோது, ஒஹையோவில் தம் கட்சிக்குள் நடந்த அபேட்சகர் தேர்தலிலேயே தோற்றார். 1974-ல்தான் ஜெயித்தார். பிறகு 24 வருஷம் அந்தச் சபையிலிருந்து, அணு ஆயுதம் பரவாமல் தடுக்கும் 1978-ம் வருஷத்துச் சட்டம் முதலிய காரியங்களுக்குப் பாடுபட்டார்.

ஹாரிஸன் ஷ்மிட் என்பவரோ 1972-ல் சந்திரன் மீதே நடந்தவர். நியூ மெக்ஸிக்கோ ஜனங்கள் 1976-ல் அவரைச் செனட்டராக்கினார்கள். 1982-ல் அவர் மறுபடியும் நின்றபோது, பூமியிலிருக்கிற உங்களுக்கு இவர் என்ன செய்தார் என்று எதிர்க்கட்சியார் கேட்டார்கள். ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதனால் அவருடைய வீரத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ யாதொரு குறைவும் வந்துவிடவில்லை.

தோழர்களே! தைரியமும் படிப்பும் நல்ல யோக்கியதைகள்தான். அவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வரி எவன் தலையில் விழும், வைத்தியம் எவனுக்குக் கிடைக்கும் என்பவற்றை ராக்கெட்டு தீர்மானிப்பதில்லை. சட்டசபையில் எழும் கைதான் தீர்மானிக்கின்றது. ஆகவே வீரனுக்கு மாலை போடுவதில் ஆக்ஷேபணை இல்லை. ஓட்டுப் போடுமுன் மட்டும் அவன் கொள்கை என்ன, செய்த வேலை என்ன என்று கணக்குக் கேட்டே தீரவேண்டும்.