மைதானத்துல பொருட்காட்சி

பப்ஜி பத்தி நம்ம ஊர்ல ரெண்டே வகைக் கட்டுரைதான் வரும். ஒண்ணு, "செல்போன் விளையாட்டால் சீரழியும் இளைஞர்கள்" வகையறா. இன்னொண்ணு, எந்தத் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப் போடலாம்ங்கிற வகையறா. ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. இந்த ஆட்டத்தை உயிரா நினைச்சு ஆடுறவங்களே ஏன் அதைத் திட்டிக்கிட்டே ஆடுறாங்க? அவங்க திட்டுறதுல நியாயம் இருக்கா? பி.காம். படிக்கிறவன் எழுதுறதால நடுவுல கொஞ்சம் கணக்கு வழக்கும் வரும். பொறுத்தருள்க :-)

ஆடியே பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நூறு பேரை ஒரு விமானத்துல ஏத்தி ஒரு தீவுக்கு மேல கொண்டு போவாங்க. பாராசூட்டுல குதிக்கணும். இறங்கும்போது கையில ஒண்ணுமே இருக்காது. வீடு வீடா புகுந்து துப்பாக்கி, ஹெல்மெட், மருந்துன்னு கிடைக்கிறதைப் பொறுக்கணும். ஆடுகளம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டே வரும். கடைசி வரைக்கும் உயிரோட இருக்குற ஆளுக்கோ அணிக்கோ வெற்றி. இதை வடிவமைச்ச பிரெண்டன் கிரீன் அயர்லாந்துக்காரர். 2000-ல வந்த 'பேட்டில் ராயல்'ங்கிற ஜப்பானியப் படம்தான் அவருக்குத் தூண்டுதல். கம்ப்யூட்டர்ல 2017 மார்ச்ல வந்துச்சு, மொபைல்ல 2018 மார்ச்ல டென்சென்ட் மூலமா வந்துச்சு. முதல் மேப்பான எராங்கல் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். அந்தப் பேருக்குள்ள அவரோட மகள் பேரு ஒளிஞ்சிருக்கு.

இந்த ஆட்டத்தோட உயிர்நாடின்னு நான் நினைக்கிறது துப்பாக்கி இல்லைங்க, அந்த வெறுங்கை. தொழிலதிபர் வீட்டுப் பையனும் சரி, நாகல் நகர்ல தறி ஓட்டுறவர் வீட்டுப் பையனும் சரி, பாராசூட்டுல இருந்து இறங்கும்போது ரெண்டு பேர் கையிலயும் ஒண்ணும் கிடையாது. நிஜ வாழ்க்கையில இப்படி ஒரு சமத்துவத்தை நாம எங்க பார்த்திருக்கோம்? கிரிக்கெட் ஆடணும்னா பேட் வச்சிருக்கிறவன்தான் முதல்ல பேட்டிங். அவன் அவுட்டானா பேட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். இங்க அந்தக் கதையே இல்ல.

2020 ஊரடங்கு வந்தப்போ பள்ளிக்கூடம் மூடியாச்சு, மைதானம் மூடியாச்சு, தெருமுனையில நாலு பேர் நின்னா போலீஸ் விரட்டும். அப்போ எங்க வயசுப் பசங்களுக்கு எராங்கல்தான் தெருமுனை. பேகம்பூர்ல ஒருத்தன், வத்தலக்குண்டுல ஒருத்தன், மதுரையில ஒருத்தன்னு நாலு பேரும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு பேசினதுல பாதி ஆட்டத்தைப் பத்தியே இருக்காது. பரீட்சை வருமா வராதா, யார் வீட்டுல யாருக்குக் காய்ச்சல்னுதான் பேச்சு. இதைப் புரிஞ்சுக்காம "சும்மா ஒரு கேம்தானே, அதுக்கு ஏன்டா இவ்வளவு கோபம்"னு கேட்கிறவங்களுக்கு அடுத்து நான் சொல்லப் போறது எதுவும் புரியாது.

அந்தத் தெருமுனைக்கு வந்த சோதனைகள் கொஞ்ச நஞ்சமில்ல. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை பண்ணுச்சு, அதுல இதுவும் ஒண்ணு. அக்டோபர் 30-ம் தேதியோட சர்வரும் நின்னுச்சு. அப்புறம் தென்கொரிய கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்குன்னே 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா', சுருக்கமா பி.ஜி.எம்.ஐ., அப்படின்னு ஒண்ணை 2021 ஜூலை 2-ம் தேதி வெளியிட்டுச்சு. பழைய கணக்கை இதுக்கு மாத்திக்கவும் வழி கொடுத்தாங்க. ரத்தம் பச்சை நிறமாச்சு. சரி பரவாயில்லைன்னு ஆடினாங்க. ஒரு வருஷம் ஓடுச்சு. 2022 ஜூலை 28-ம் தேதி அதையும் கடையில இருந்து தூக்கிட்டாங்க. பத்து மாசம் கழிச்சு 2023 மே 29-ம் தேதி திரும்ப வந்துச்சு. இத்தனை தடவை மூடித் திறந்தும் கூட்டம் கலையல. ஆக, ஆடுறவங்களோட விசுவாசத்துல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

பிரச்சனை தடையில இல்ல. தடை வெளியில இருந்து வந்தது. இப்போ ஆடுறவங்க திட்டுறது உள்ளுக்குள்ள நடக்குற மாற்றத்தை.

நம்ம ஊர்ல பொருட்காட்சி வரும்போது என்ன ஆகும்? பசங்க கிரிக்கெட் ஆடுற மைதானத்துல குழி தோண்டி ராட்டினம் நடுவாங்க. டெல்லி அப்பளம், மரணக் கிணறு, பஞ்சு மிட்டாய்னு ஊரே திரளும். நல்லாத்தான் இருக்கும். பசங்களும் போவாங்க. ஒரு மாசம் கழிச்சு மூட்டை கட்டிட்டுக் கிளம்பிடுவாங்க. குழியை மூடிட்டு மறுபடியும் ஸ்டம்ப் நட்டுக்கலாம். இந்த ஆட்டத்துல வந்த பொருட்காட்சி மட்டும் கிளம்பவே மாட்டேங்குது. ஒண்ணு முடியுறதுக்குள்ள அடுத்த லாரி வந்து நிக்குது.

2023 ஜூலையில டிராகன் பால் கார்ட்டூன் வந்துச்சு. கையில இருந்து ஒளிக்கற்றை விட்டு எதிரியைச் சாய்க்கலாம். அதுக்கு முன்னாடி ஸ்பைடர்மேன் வந்தாரு, காட்ஜில்லா வந்துச்சு. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒரு தீம், ஒரு மாய சக்தி, ஒரு புது வாகனம், போன்ல இன்னும் கொஞ்சம் இடம். பதுங்கிப் பதுங்கி, காலடிச் சத்தம் கேட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆடின ஆட்டம் அது. அதுல திடீர்னு ஒருத்தன் தலைக்கு மேல வித்தை காட்டினா எப்படி இருக்கும்? பரமபதம் ஆடிக்கிட்டு இருக்கும்போது நடுவுல ஒருத்தர் வந்து கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டி விட்ட மாதிரி இருக்கும்.

"பிடிக்கலைன்னா தீம் இல்லாத பழைய மேப்பை ஆடிக்கோயேன்"னு சிலர் சொல்றாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இது தனியா ஆடுற சீட்டுக்கட்டு இல்ல, நூறு பேர் சேரணும். முன்வாசல்ல சீரியல் லைட் போட்டு தீமை வச்சா கூட்டம் அங்கதான் போகும். பின்வாசல்ல நிக்கிறவங்களுக்கு நூறு பேர் சேரலைன்னா மிச்ச இடத்தைக் கம்ப்யூட்டர் பொம்மைங்க நிரப்பும். பொம்மையைச் சுட்டு ஜெயிச்சு என்ன பிரயோசனம்?

சரி, இப்போ எதிர்க்கட்சி வாதத்தையும் நேர்மையா பார்த்துடலாம். இந்த ஆட்டம் இலவசம். சர்வருக்குக் காசு வேணும், வேலை செய்யுறவங்களுக்குச் சம்பளம் வேணும். பத்துல ஒருத்தர் காசு கொடுத்து சட்டை வாங்குறதாலதான் மிச்ச ஒன்பது பேர் சும்மா ஆட முடியுது (பத்து, ஒன்பதெல்லாம் ஒரு பேச்சுக்கு). விருந்துல மொய் எழுதுறவங்க எழுதினாத்தானே எழுதாதவங்களுக்கும் இலை விழும்? அதனால விற்கவே கூடாதுன்னு சொல்றது கொஞ்சம் கூட நியாயமில்ல. அந்தச் சட்டையும் துப்பாக்கி மேல பூசுற பெயின்ட்டும் அடியோட பலத்தைக் கூட்டுறதும் இல்ல.

எப்படி விற்கிறாங்கங்கிறதுதான் என் கேள்வி. "இந்தச் சட்டை விலை இவ்வளவு, வேணும்னா வாங்கு"ன்னு சொன்னா அது கடை. பெட்டியைத் திற, வந்தாலும் வரும் வராமலும் போகும்னா அது பொருட்காட்சியில வளையம் வீசுற ஸ்டால். எங்க புள்ளியியல் பேப்பர்ல வர்ற கணக்கையே எடுத்துக்கங்க. ஒரு பொருள் கிடைக்க நூத்துல ஒரு பங்கு வாய்ப்புன்னு வச்சுப்போம். நூறு தடவை திறந்தா கண்டிப்பா கிடைச்சுடும்னு தோணும். கிடையாது. ஒவ்வொரு தடவையும் கிடைக்காம போற வாய்ப்பு 0.99. அதை நூறு தடவை பெருக்கினா கிட்டத்தட்ட 0.37 வரும். அதாவது நூறு தடவை காசு கட்டின நூறு பேர்ல 37 பேர் வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போவாங்க. முதல்ல சொன்ன வெறுங்கை சமத்துவம். இது வேற மாதிரி வெறுங்கை!

வாய்ப்பு எவ்வளவுன்னு போட்டுத்தானே இருக்குன்னு கேட்கலாம். 2017-லயே சீனா அதைக் கட்டாயமாக்கிடுச்சு. அதே வருஷக் கடைசியில ஆப்பிளும் தன் கடையில விதியாக்குச்சு. பெல்ஜியத்துல 2018-ல ஒரு படி மேல போய், இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டம்தான்னு அந்த நாட்டு சூதாட்ட ஆணையமே சொல்லிடுச்சு. நம்ம நாட்டுல 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டம் பணம் கட்டிப் பணம் எடுக்குற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணுச்சு. நல்ல காரியம். அதே அக்கறையை இந்தப் பெட்டிகள் பக்கமும் கொஞ்சம் திருப்பலாம்ங்கிறது என் கருத்து. பி.ஜி.எம்.ஐ. அறிமுகமானப்போ 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல செலவு பண்ண முடியாதுன்னு வரம்பு வச்சாங்க. ஏழாயிரம்! வேடசந்தூர் பக்கம் மில்லுக்குப் போற அக்காங்க அந்தக் காசுக்கு எத்தனை ஷிப்ட் பார்க்கணும்னு அவங்களைத்தான் கேட்கணும்.

எல்லாத்தையும் விட எனக்கு வலுவான சாட்சியா தெரியறது வேற ஒண்ணு. இதே நிறுவனம் கோடி ரூபாய் பரிசு வச்சு பெரிய போட்டி நடத்துது. 2021-ல நடத்தின முதல் தொடருக்கே மொத்தப் பரிசு ஒரு கோடி. அந்தப் போட்டிகள்ல ஒளிக்கற்றை உண்டா? மாய சக்தி உண்டா? கிடையாது. அதே எராங்கல், அதே மிராமர், வெறுங்கையோட இறங்கி பொறுக்கி எடுக்கிற அதே பழைய ஆட்டம். ஆக, ஆட்டத்தோட நிஜமான வடிவம் எதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. கோடி ரூபாய்க்கு ஆடுறவனுக்கு ஒரு நியாயம், சும்மா ஆடுறவனுக்கு ஒரு நியாயமா?

வெளிநாட்டுல இதே சண்டை எப்படி முடிஞ்சுதுன்னு பார்த்தா நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும். பிரிட்டன்ல 2001-ல ஆரம்பிச்ச ரூன்ஸ்கேப்னு ஒரு ஆட்டம் இருக்கு. 2012 நவம்பர்ல சண்டை போடுற முறையையே தலைகீழா மாத்தினாங்க. பழைய ஆளுங்க கூட்டம் கூட்டமா வெளியேறினாங்க. நிறுவனம் என்ன பண்ணுச்சு தெரியுமா? பரண் மேல கிடந்த 2007 ஆகஸ்ட் மாசத்துப் பிரதியை எடுத்து தூசி தட்டி, "இதைத் திறக்கட்டுமா"ன்னு ஓட்டெடுப்பு நடத்துச்சு. நாலு லட்சத்துக்கும் மேல ஓட்டு விழுந்துச்சு. 2013 பிப்ரவரியில திறந்தாங்க. அதுக்கப்புறம் அங்க ஒரு முக்கியமான மாற்றம் வரணும்னா ஆடுறவங்கள்ல நூத்துக்கு 75 பேர் சம்மதிக்கணும்னு விதி (பின்னாடி 70 ஆக்கினாங்க). கேலி பண்ணவங்க வாயடைச்சுப் போற மாதிரி, அந்தப் பழைய வடிவம் புதுசை விட அதிகக் கூட்டத்தோட ஓடுது.

ஐஸ்லாந்துல ஈவ் ஆன்லைன்னு இன்னொண்ணு. 2011-ல ஆட்டத்துக்குள்ள ஒரு ஒற்றைக் கண்ணாடிக்கு அறுபது டாலருக்கும் மேல விலை வச்சாங்க. கோபப்பட்ட ஜனங்க ஆட்டத்துக்குள்ளயே ஒரு சந்தை ஊர்ல கூடி, அங்கிருந்த சிலையைச் சுட்டுத் தள்ளிப் போராட்டம் நடத்தினாங்க. சில மாசத்துல தலைமை நிர்வாகியே மன்னிப்புக் கடிதம் எழுதினாரு.

ரெண்டு இடத்துலயும் நடந்தது ஒண்ணுதான். அந்த ரெண்டு ஆட்டத்துக்கும் முக்கிய வருமானம் மாதச் சந்தா. ஜனங்க சந்தாவை நிறுத்தினாங்க, நிறுவனத்துக்குக் காது கேட்டுச்சு. இங்க ஆடுறதுக்குச் சந்தா கட்ட வேண்டியதில்ல. திட்டிக்கிட்டே ஆடுறவனும் கணக்குல ஒரு தலைதான். திட்டிக்கிட்டே பெட்டி திறக்கிறவன் நல்ல வாடிக்கையாளர். ஏன் விட முடியலைன்னா, "ஆறு வருஷம் ஆடியாச்சு, இவ்வளவு காசு போட்டாச்சு"ங்கிற நினைப்பு. போன காசு திரும்பி வராது, அதை வச்சு அடுத்த முடிவை எடுக்கக் கூடாதுன்னு எங்க பாடப் புத்தகம் சொல்லுது. புத்தகத்துக்கு என்ன, அதுக்கு ஸ்குவாட் கிடையாது. கூட ஆடுற மூணு பேரை விட்டுட்டு வர்றதுதானே கஷ்டம்.

அதனால ஆட்டத்தை விட்டுடுங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. நம்ம ஆளுங்க கேட்க வேண்டியது மூணே மூணுதான்:

1. தீம் எதுவும் இல்லாத பழைய ஆட்டம் வருஷம் முழுக்க முன்வாசல்லயே இருக்கணும். பொருட்காட்சி பக்கத்துத் திடல்ல நடக்கட்டும்.

2. பெட்டிக்குப் பதிலா விலைப்பட்டியல் வேணும். சட்டைக்கு இவ்வளவு, துப்பாக்கிப் பெயின்ட்டுக்கு இவ்வளவு.

3. பெரிய மாற்றம் பண்றதுக்கு முன்னாடி ஆடுறவங்ககிட்ட ஓட்டெடுப்பு. நம்ம நாட்டு ஜனங்களுக்கு ஓட்டுப் போட யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இது நடக்குற வரைக்கும் ஆடுங்க, ஆனா பெட்டியைத் திறக்காதீங்க. திண்டுக்கல்காரங்களுக்குப் பூட்டைப் பத்தி நான் சொல்லணுமா? இந்தப் பூட்டுக்குச் சாவி நம்ம பர்ஸ்தான்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "அப்போ நீ படிக்கவே மாட்டியா"ன்னு கேட்கிற பெரியவங்களுக்கு, செமஸ்டர் முடிஞ்சுது. அரியர் இல்ல. ஹி ஹி.