வந்த உணவு, சொந்த உணவு

ஒரு ஊரின் உணவு அந்த மண்ணிலேயே பிறந்திருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் உள்ள இஸுஷியைப் பார்க்க வேண்டும். 1706இல் சென்கோகு பிரபு ஷிநானோ பகுதியின் உவேதாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டார். அவருடன் வந்த சமையல் கலைஞர்கள்தான் பக்வீட் மாவில் செய்யும் சோபா நூடுல்ஸைக் கொண்டுவந்தார்கள் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. இன்று அந்தச் சிற்றூரில் சுமார் 40 சோபா கடைகள். உள்ளூர் வெள்ளைப் பீங்கானில் சின்னச் சின்னத் தட்டுகள், ஆளுக்கு ஐந்து. மாவு அப்போது அரைத்ததாக, அப்போது பிசைந்து வெட்டியதாக, அப்போது வேகவைத்ததாக இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருக்கிறார்கள். முதலில் சாற்றில் மட்டும் தோய்த்து ஒரு வாய். பிறகு வெங்காயத்தாள், வசாபி, துருவிய கிழங்கு, பச்சை முட்டை. கடைசியில் நூடுல்ஸ் வெந்த நீரை மிச்சச் சாற்றில் ஊற்றிக் குடிக்கிறார்கள். வடிகஞ்சியின் அருமை தெரிந்த நமக்கு இது நன்றாகவே புரியும். யார் அதிகத் தட்டு அடுக்குவது என்று போட்டி போடுகிறவர்களும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பக்கம் போனால் ஐந்து தட்டோடு நிறுத்தி, நிதானமாக ருசித்துச் சாப்பிடுங்கள்.