கை தவறிப் பட்டதாம்

2015-இல் வந்த எறும்பு மனிதன் படத்தைப் பேரப்பிள்ளைகளோடு நம் வயதுக்காரர்களும் பார்த்து மெச்சுகிறார்கள். அதில் மைக்கேல் டக்ளஸ் நடித்த ஹாங்க் பிம், மனைவியை இழந்து மருகும் விஞ்ஞானி. 1962-இல் மார்வெல் காமிக்ஸில் பிறந்த அசல் பிம் வேறு ஆள். எறும்பளவு சுருங்குவார், பிறகு பனைமர உயரம் வளர்வார். 1981-இல் வந்த கதையில், சகாக்களைத் தாக்க ஓர் இயந்திரம் செய்து, அதைத் தானே அடக்கி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார். தடுத்த மனைவி ஜேனட்டை அறைகிறார். படத்தில் இந்த அறை கிடையாது.

கதை எழுதிய ஜிம் ஷூட்டர் பல வருஷம் கழித்து ஒரு சமாதானம் சொன்னார். கை தற்செயலாகப் படுவதாகத்தான் அவர் நினைத்தாராம். ஓவியர் ஓங்கி அறைவதாக வரைந்துவிட்டாராம். ஏரிக்கரை நடையில் நண்பர் ஒருவர், பேரன் சொன்னதாக, இதையே சொல்லிப் பிம்முக்கு வக்காலத்து வாங்கினார். ஐயா, 'கை தவறிப் பட்டுவிட்டது' என்பது நம் தெருவில் கேட்காத பேச்சா? கன்னம் வீங்கிய மருமகளைப் பற்றி மாமியார் சொல்வதும் அதுதானே?

பனி விலகினால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்தே பழனி தெரியும். அங்கே இரண்டு மலையைக் காவடியாகத் தூக்கிவந்த இடும்பன் இருக்கிறான். முருகனோடு மோதி மாண்டு, மனைவி இடும்பி மன்றாட உயிர்பெற்ற அசுரன். அவனை வணங்கித்தான் காவடி மேலே ஏறுகிறது. அதற்காக அவன் சண்டைக்குப் போனதை யாரும் மறைத்ததில்லை.

ஜேனட் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நம் நண்பர்தான் இன்னும் ஓவியரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.