தனி மேசையா, பொது மேசையா?



கடந்த பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு சென்று திரும்பும் சொகுசுக் கப்பலில் மூன்று இரவுகள் பயணம் செய்யும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மதரஸாவில் பாடம் நடத்துபவருக்குச் சொகுசுக் கப்பலா என்று சிலர் புன்னகைக்கலாம். சிங்கப்பூரில் பணிபுரியும் நம் மைத்துனர் தம் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் கடலைக் காட்ட விரும்பினார். நாமும் உடன் சென்றோம். செலவு அவருடையது. இக்கட்டுரையில் நாம் ஒப்புக்கொள்ளவிருக்கும் பிழை முழுவதும் நம்முடையது.

இத்தகைய கப்பல்கள் பலவற்றில் இரவு உணவு இரண்டு பந்திகளாகப் பரிமாறப்படுகிறது. முதல் பந்தி மாலை ஆறு மணியளவில். இரண்டாம் பந்தி எட்டரை மணியளவில். முன்பதிவின்போதே பந்தியைக் கேட்பதோடு மற்றொரு வினாவையும் கேட்கிறார்கள்: உங்கள் குடும்பத்திற்கு மட்டும் தனி மேசை வேண்டுமா, பிற பயணிகளோடு பகிரும் பொது மேசை வேண்டுமா? பொது மேசை என்றால் ஆறு பேரோ, எட்டுப் பேரோ, பத்துப் பேரோ அமர்வார்கள். முதல் நாள் அறிமுகமாகும் முகங்களே கடைசி நாள்வரை எதிரில் இருக்கும். நாலு பேரோடு பழகட்டும் என்ற நல்லெண்ணத்தில் மைத்துனர் நமக்குப் பொது மேசையையே கேட்டிருந்தார்.

முதல் இரவு நாங்கள் நால்வரும் எட்டுப் பேர் மேசையில் சென்று அமர்ந்தோம். எதிரில் சிங்கப்பூரைச் சேர்ந்த வயது முதிர்ந்த சீனத் தம்பதியர். பக்கத்தில் இளவயதுத் தம்பதியர். முதியவர் எழுந்து நம் மகளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நாம் வாய் திறக்கும் முன்பே, சூப்பில் பன்றி இறைச்சி கலந்திருக்கிறதா என்று நமக்காகப் பணியாளரிடம் கேட்டவரும் அவரே. சற்று நேரத்தில் அவர் ஒரு புட்டி ஒயின் வரவழைத்தார். கோப்பைகள் மேசையைச் சுற்றி வரத் தொடங்கின. நாம் பணியாளரை அழைத்து, வேறு மேசை வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கூறினோம். பின்னர் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு, எவரிடமும் ஒரு சொல்லும் கூறாமல் எழுந்து சென்றுவிட்டோம்.

அறைக்குத் திரும்பியதும் ஒன்பது வயது மகள் கேட்டாள்: “வாப்பா, அந்தத் தாத்தா கெட்டவரா?”

மறுநாள் காலை மின்தூக்கியில் அந்த முதியவரையே சந்தித்தோம். தயங்கித் தயங்கி அவர் கேட்டார்: “எங்கள் பேச்சில் ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதா?” இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு உண்ணும் ஒழுங்குகளையும் உடனிருப்போர் உரிமைகளையும் கற்பித்துவரும் நாம், அவ்விரு வினாக்களுக்கும் உடனடியாக விடை கூற இயலாமல் நின்றோம். எழுந்து சென்றது பிழையா? எழுந்து சென்ற விதம் பிழையா? இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோர்க்குக் கடல் புதிதன்று. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கிடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் நம் கடற்கரை ஊர்களின் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். அதற்குப் பின்னர் ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. கப்பல் தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தவர்களே ‘ரஜூலா’வில் மிகுதி. அவர்களிடம் எவரும் மேசை விருப்பம் கேட்கவில்லை. ஊரிலோ ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது; இன்றும் நம் திருமண விருந்துகளில் பல ஊர்களில் அது நிலைத்திருக்கிறது. தன் முன்னால் இருப்பதை மட்டும் எடுப்பது, நல்ல கறித்துண்டைப் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளி வைப்பது, மற்றவர் பசியாறும்வரை மெதுவாக உண்பது ஆகியவற்றை நாம் நூலில் கற்குமுன் சஹனில் கற்றோம். அதே கடலில் இன்று நம்மிடம் விருப்பம் கேட்கப்படுகிறது. விருப்பம் கேட்கப்படும் இடத்தில் பொறுப்பும் வந்துவிடுகிறது.

மார்க்கம் இதில் என்ன கூறுகிறது? திருக்குர்ஆனின் 24ஆவது அத்தியாயமாகிய சூரத்துந் நூரின் 61ஆம் வசனம், சேர்ந்து உண்பதும் தனித்தனியே உண்பதும் குற்றமன்று என்பதைத் தெளிவாக்குகிறது. இதன் பின்னணியை விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். கினானா கோத்திரத்தாருள் சிலர் தனியே உண்பதைப் பெருங்குறையாகக் கருதினர்; உடன் உண்ண ஒருவர் கிடைக்கும்வரை பசியோடு காத்திருப்பர். மறுபுறம், பார்வையற்றோர், நடக்க இயலாதோர், நோயாளிகள் ஆகியோருடன் சேர்ந்து உண்பதில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. இவ்விரு வகை இறுக்கங்களையும் அவ்வசனம் தளர்த்திவிட்டது. ஆகவே தனி மேசையைக் கேட்பவரைக் கஞ்சர் என்றோ, கர்வம் பிடித்தவர் என்றோ பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

குற்றமில்லை என்பது ஒரு நிலை. சிறப்பு என்பது மற்றொரு நிலை. உண்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், நீங்கள் தனித்தனியே உண்கிறீர்கள் போலும் என்று கேட்டு, ஒன்றுகூடி அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுமாறும் அதில் பரக்கத் உண்டாகும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியுள்ளது. ஒருவருக்கான உணவு இருவருக்குப் போதும் எனும் கருத்திலமைந்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். கூடி உண்பதே நம் சமுதாயத்தின் இயல்பு.

ஆயின் அக்கூட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புபவர், மது சுற்றிவரும் உணவு விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. “நம் கோப்பையில் மது இல்லையே, மேசையில் இருந்தால் என்ன?” என்று வெளிநாடுகளில் பணிபுரியும் சகோதரர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. அந்த நபிமொழி கோப்பையைக் குறித்துப் பேசவில்லை. அமரும் இடத்தையே குறித்துப் பேசுகிறது. எனவே அன்றிரவு எழுந்ததில் பிழையில்லை என்பதே நம் உறுதியான கருத்து.

பிழை, எழுந்த விதத்தில் இருந்தது. அர்ரஹ்மானின் அடியார்களை வர்ணிக்கும் 25:72ஆம் வசனம், அவர்கள் வீணானவற்றைக் கடக்க நேரும்போது கண்ணியமாகக் கடந்து செல்வார்கள் என்கிறது. கடப்பது கடமை; கண்ணியமும் அதனோடு சேர்த்தே கூறப்பட்டுள்ளது. நாம் முதற்பாதியை நிறைவேற்றிவிட்டு மறுபாதியை மேசையிலேயே விட்டு வந்தோம். நம்மோடு பகைமை பாராட்டாத பிற சமயத்தாரிடம் நன்மையோடும் நீதியோடும் நடப்பதை அல்லாஹ் தடுக்கவில்லை என்று 60:8ஆம் வசனம் கூறுகிறது. நமக்காகப் பன்றி இறைச்சியைப் பற்றி விசாரித்த ஒருவருக்கு, “பொறுத்தருள்க, மது இருக்கும் மேசையில் நாங்கள் அமர்வதில்லை, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி” என்று கூற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நாம் மதுவை வெறுத்ததாக எண்ணினோம். நம் மகளோ, மனிதரை வெறுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். பிள்ளைகள் நம் காரணங்களைக் காண்பதில்லை. நம் முகத்தையே காண்கிறார்கள்.

சூரத்துந் நூரின் அதே 61ஆம் வசனத்தின் பிற்பகுதியை இங்கு நினைவுகூர்தல் தகும். தனித்து உண்ண அனுமதி வழங்கிய அவ்வசனம், வீடுகளில் நுழையும்போது முகமன் கூறுமாறும் பணிக்கிறது. தனியே உண்ணலாம், முகமன் கூறாமல் தனித்திருக்கலாகாது என்ற பாடத்தை நாம் இவ்விரண்டின் அருகாமையிலிருந்து பெறுகிறோம்.

இத்தகைய கப்பலில் ஏறுவதே சரியா என்று கேட்போரும் உண்டு. சூதாட்டமும் கேளிக்கைகளும் அங்கிருப்பதை அறிந்து தவிர்ப்போரின் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆயினும் கப்பலில் ஒருபோதும் ஏறாதவருக்கும் இதே வினா அலுவலக விருந்திலும், பிற சமய நண்பரின் இல்லத் திருமணத்திலும், கல்லூரி விடுதியின் உணவுக்கூடத்திலும் வந்தே தீரும். எழவும் தெரிய வேண்டும். அமரவும் தெரிய வேண்டும்.

பயணம் செய்ய இருக்கும் குடும்பங்களுக்கு நாம் கூற விரும்புவன சில. இரவு உணவுக்குத் தனி மேசையை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். அப்போது தவறிவிட்டால், கப்பலில் ஏறிய அன்று பிற்பகலிலேயே உணவுக்கூட மேற்பார்வையாளரைச் சந்தித்துக் கூறுங்கள். பந்தியின் நடுவில் எழுவதைவிட, பந்திக்கு முன்னரே ஏற்பாடு செய்துகொள்வது எவரையும் புண்படுத்தாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இக்கடற்பகுதியில் ஆண்டு முழுவதும் மஃக்ரிப் ஏழு மணியை ஒட்டியே வருவதால், ஆறு மணிப் பந்தி தொழுகையோடு மோதும். இரண்டாம் பந்தியே நமக்கு ஏற்றது. ஹலால் உணவு வேண்டும் என்பதைப் பயணத்திற்குச் சில வாரங்கள் முன்னரே எழுத்தில் தெரிவித்து, உறுதி பெற்றுக்கொள்ளுங்கள். உறுதி கிடைக்காத இடத்தில் மீனும் காய்கறியும் போதும். அவற்றின் குழம்பில் ஒயின் சேர்க்கப்பட்டதா, இனிப்பில் சேர்த்த ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டறியுங்கள்.

இவ்வாறு தனி மேசையைப் பெற்றவர்கள் அதில் கிடைப்பதையும் மதித்துப் பயன்படுத்துங்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய இடத்திலேயே நபி (ஸல்) அவர்கள் வாய் வைத்துப் பருகினார்கள் என்பது முஸ்லிமில் வரும் செய்தி. குடும்பத்தோடு உண்பதில் அத்தகைய நெருக்கம் இருக்கிறது. தனி மேசையைக் கேட்டு வாங்கிவிட்டு, நால்வரும் நான்கு கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தனி மேசையன்று, நான்கு மேசைகள்.

மறுபுறம், தனி மேசை நம் வழக்கமாகவே மாறிவிடும் அபாயத்தையும் எச்சரிக்கையோடு கவனிக்க வேண்டும். மதுவுக்காக விலகியவர், மது இல்லாத இடத்தில் இணைய வேண்டும். காலை உணவு இருக்கிறது. மாலைத் தேநீர் இருக்கிறது. மது சுற்றாத அந்த வேளைகளில் பொது மேசையை நாமே தேடிச் செல்வோமானால், நாம் விலகியது மதுவைவிட்டே, மனிதரைவிட்டு அன்று என்பது எவருக்கும் விளங்கும்.

மின்தூக்கியில் அந்த முதியவரிடம் சிறிது நேரம் கழித்தேனும் நாம் காரணத்தைக் கூறினோம். கூறாமல் சென்றதற்கு மன்னிப்பும் கேட்டோம். “சொல்லியிருந்தால் நான் புட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேனே” என்றார் அவர். நமக்குத் தலை நிமிரவில்லை. நாளைக் காலை எங்களோடு உணவு உண்ண வருவீர்களா என்று கேட்டோம்.

மூன்றாம் நாள் காலை அவரும் அவர் துணைவியாரும் வந்தார்கள். தேநீரும் முட்டையும் ரொட்டியும் பழங்களும் இருந்த மேசையில் ஆறு பேர் அமர்ந்தோம். நம் மகள் பிஸ்மி கூறிவிட்டு, அதன் பொருளை அந்த முதியவருக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினாள். தட்டிலிருந்த கடைசி மாம்பழத் துண்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவளுடைய முதல் இரவின் வினாவுக்கு நாம் அதன் பிறகு விடை கூற வேண்டியிருக்கவில்லை.

விலக வேண்டியதைக் கண்ணியத்தோடு விலகவும், சேர வேண்டியவரோடு அன்போடு சேரவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நற்பேறு வழங்குவானாக! நம் உணவிலும் நம் குடும்பங்களிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.